மருந்து ஆய்வில் சேரும் முன்: நரம்பியல் வார்டு வராந்தாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் ஆய்வு ஒருங்கிணைப்பாளராகப் பல வருடம் வேலை பார்த்தேன். நான் டாக்டர் இல்லை. "இப்படி ஒரு ஆய்வு நடக்குது, சேர விருப்பமா?" என்று டாக்டர் கேட்டுவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போன பிறகு, வெளியே பெஞ்சில் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுகிற ஆள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், சிவகங்கைப் பக்கமிருந்து விடிகாலை பஸ் பிடித்து வந்தவர்கள் அந்த பெஞ்சில் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை.

எங்க அப்பாவைச் சோதனை எலி ஆக்கப் போகிறீர்களா?

பெரும்பாலும் முதல் கேள்வி இதுதான். கேட்பதில் தப்பே இல்லை. ஆய்வுகளில் ஒப்புதல் ஒழுங்காக வாங்கவில்லை, இறந்தவர்களுக்கு இழப்பீடு போய்ச் சேரவில்லை என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போன நாடு இது. 2013இல் நீதிமன்றம் கண்டிப்பாகப் பேசிய பிறகுதான் பல கட்டுப்பாடுகள் இறுகின. இப்போது நடைமுறையில் இருப்பவை 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகள்.

அந்த விதிகளின்படி நெறிமுறைக் குழு ஒன்று சம்மதிக்காமல் எந்த மருந்து ஆய்வும் தொடங்க முடியாது. குழுவில் குறைந்தது 7 பேர். அதில் பாதிப் பேராவது அந்த மருத்துவமனையோடு தொடர்பில்லாதவர்களாக இருக்க வேண்டும். சட்டம் தெரிந்தவர் ஒருவர், மருத்துவம் தெரியாத சாதாரண ஆள் ஒருவர் கட்டாயம். எங்கள் குழுவில் அந்தச் சாதாரண ஆள் ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியர். டாக்டர்கள் யாருக்கும் நாங்கள் பயந்ததில்லை, அவருக்குப் பயந்தோம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இன்னொன்று. நான் பார்த்த ஆய்வுகள் பெரும்பாலும் மூன்றாம் கட்டத்தவை. விலங்குகளில் பார்த்து, சில டஜன் ஆட்களில் பார்த்து, பிறகு சில நூறு பேரில் பார்த்து, அதையும் தாண்டி வந்த மருந்துகள். மருந்தே கொடுக்காத ஆய்வுகளும் நிறைய உண்டு. யாருக்கு எந்த வயதில் நோய் வந்தது, எப்படிப் போகிறது என்று எழுதி வைப்பதோடு சரி. அப்படி எழுதி வைத்ததில் பெரிய விஷயங்கள் கிடைத்திருக்கின்றன. இளவயதில் கை கால் மெலிந்து, காதும் மந்தமாகும் ஒரு வகை நரம்பு நோய்க்கு உலகப் பாடப்புத்தகங்களில் 'மெட்ராஸ்' என்ற பெயரே ஒட்டியிருக்கிறது. 1970 வாக்கில் சென்னை டாக்டர்கள் நோயாளிகளைக் கவனமாகப் பார்த்து எழுதியதால் வந்த பெயர் அது.

அப்போ ஆய்வில் சேர்ந்தால் நல்ல வைத்தியம் கிடைக்கும், இல்லையா?

எலி என்று பயப்படுகிறவர்களைவிட இதைக் கேட்கிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். பயப்படுகிறவர் நாலு கேள்வி கேட்பார். நம்பி வருகிறவர் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார். "புது மருந்தும்மா, அமெரிக்காவில இருந்து வருதாம்" என்று பக்கத்து பெஞ்சுக்காரரிடம் பெருமையாகச் சொல்வதையும் கேட்டிருக்கிறேன்.

புது மருந்து பழையதைவிட நல்லது என்று தெரிந்துவிட்டால் ஆய்வுக்கே வேலை இல்லை. தெரியாததால்தான் ஆய்வு நடக்கிறது. வார்டில் டாக்டர் உங்களுக்கு எது நல்லது என்று பார்த்து மருந்தை மாற்றுவார். ஆய்வில் அவர் கை கொஞ்சம் கட்டப்பட்டிருக்கும், எல்லாருக்கும் ஒரே அட்டவணைதான்.

பக்கவாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மூளை ரத்தக் குழாயில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி இன்று இருக்கிறது என்றால், 1995இல் அமெரிக்காவில் 624 பேரிடம் நடந்த ஆய்வு அதற்குக் காரணம். நோய் தொடங்கி 3 மணி நேரத்துக்குள் ஊசி போட்டவர்கள் மூன்று மாதம் கழித்து ஓரளவு முழுசாக எழுந்து நடக்கும் வாய்ப்பு, போடாதவர்களைவிடக் குறைந்தது 30 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதே ஆய்வில் ஊசி போட்டவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு மூளைக்குள் ரத்தம் கசிந்து நிலைமை மோசமானது. ஊசி போடாதவர்களில் அது 0.6 சதவீதம்தான். நல்லதும் கெட்டதும் ஒரே ஊசியில். இரண்டையும் எண்ணிப் பார்த்த பிறகே அது வைத்தியம் ஆனது.

இப்போது இன்னொன்று. பக்கவாதம் வந்தவர்களுக்கு வீட்டு ஆட்களையே பழக்கி, கை கால் பயிற்சி கொடுக்க வைத்தால் என்ன? பிசியோதெரபி ஆள் கிராமத்துக்கு வர மாட்டார், மருமகள் இருக்கிறாள், மகன் இருக்கிறான். யாருக்குத்தான் இது நல்ல யோசனையாகத் தெரியாது? அட்டென்ட் என்ற பெயரில் இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரை வைத்துப் பார்த்தார்கள். 2017இல் முடிவு வந்தது. பழக்கிய குடும்பம், பழக்காத குடும்பம், இரண்டு பக்கமும் ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறர் தயவில் இருப்பவர்களும் சேர்ந்து 47 சதவீதம். வித்தியாசமே இல்லை. இது தெரியாவிட்டால் ஏதோ ஒரு அரசு இதையே திட்டமாக்கி, வீட்டுப் பெண்கள் தலையில் கட்டி, கோடிகளைச் செலவழித்திருக்கும்.

யாருக்கு எந்த மருந்து என்று யார் முடிவு செய்வது?

யாரும் இல்லை. ஒப்புதல் படிவத்தில் இதற்குச் 'சமவாய்ப்பு முறை ஒதுக்கீடு' என்று போட்டிருக்கும். தமிழாசிரியர் சிவப்பு மையால் சுழித்து, "இது எந்த நாட்டுத் தமிழ்?" என்று பக்கத்தில் எழுதி அனுப்பிய சொற்களில் இதுவும் ஒன்று.

நான் சொல்வது இப்படி. சாமி முன்னால் பூக்கட்டிப் பார்ப்போமே, சிவப்பு ஒரு பொட்டலம், வெள்ளை ஒரு பொட்டலம், ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வோம். அதுதான். டாக்டர் எடுப்பதில்லை, நீங்கள் எடுப்பதில்லை, இங்கே கம்ப்யூட்டர் எடுக்கிறது. டாக்டர் கையில் விட்டால் கொஞ்சம் தெம்பாக இருப்பவருக்குப் புது மருந்தைக் கொடுத்துவிடுவார், அவரையும் அறியாமல். பிறகு மருந்து வேலை செய்ததா, ஆள் தெம்பாக இருந்தாரா என்று பிரிக்கவே முடியாது. பல ஆய்வுகளில் பொட்டலத்தைப் பிரித்தும் பார்க்க மாட்டார்கள், கடைசிவரை டாக்டருக்கே தெரியாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. கோயிலில் பூக்கட்டும்போது, வருகிற பொட்டலம் நமக்கு நல்லதுக்குத்தான் என்று நம்புகிறோம். இங்கே அப்படி யாரும் உங்கள் நல்லதைப் பார்த்து எடுத்துக் கொடுப்பதில்லை.

இந்த முறையால் என்ன பயன் என்பதற்கு ஊரிலேயே உதாரணம் உண்டு. நரம்பு இல்லை, கண். நெல் தூசி, கதிர் பட்டு விவசாயிகளுக்குக் கருவிழியில் பூஞ்சைப் புண் வருமே, அதற்கு அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளைகளில் 323 பேரிடம் இரண்டு சொட்டு மருந்துகளை இப்படி ஒப்பிட்டார்கள். நாட்டாமைசின் பழசு, வோரிகோனசோல் புதுசு. 2013இல் வந்த முடிவில் பழசுதான் ஜெயித்தது.

வெறும் மாவு மாத்திரையைக் கொடுத்து ஏமாற்றுவார்களாமே?

மாவு மாத்திரை கொடுக்கும் ஆய்வுகள் உண்டு, ஆனால் அது முன்கூட்டியே படிவத்தில் எழுதியிருக்க வேண்டும். வலிப்பு, நடுக்குவாதம் போன்றவற்றில் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையை நிறுத்த மாட்டார்கள். அதற்கு மேல்தான் ஒரு குழுவுக்கு நிஜ மருந்தும் இன்னொரு குழுவுக்கு வெற்று மாத்திரையும் சேரும். கொடுத்தாக வேண்டிய வைத்தியத்தைக் கொடுக்காமல் வெற்று மாத்திரை மட்டும் கொடுத்து ஒருவருக்குப் பாதிப்பு வந்தால், 2019 விதிகளின்படி அது இழப்பீட்டுக்கு உரிய காரணம்.

நடுக்குவாதத்தில், அதாவது பார்க்கின்சன் நோயில், வெற்று மாத்திரை இல்லாமல் எதையும் நம்ப முடியாது. காரணம் விசித்திரமானது. அந்த நோயில் மூளையில் டோபமின் என்ற பொருள் குறைகிறது. 2001இல் கனடாவின் வான்கூவரில் ஸ்கேன் வைத்துப் பார்த்தபோது, 'மருந்து கிடைக்கப்போகிறது' என்ற எதிர்பார்ப்பிலேயே, ஒன்றுமில்லாத ஊசிக்கு நோயாளிகளின் மூளை டோபமினைச் சுரந்தது. ஆகவே "போட்டதும் கை நடுக்கம் நின்னுச்சு" என்று நாலு பேர் வீடியோவில் சொல்வதை வைத்து மருந்தை எடைபோட முடியாது. அவர்கள் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே நின்றிருக்கும்.

அம்மாவுக்குக் கையெழுத்துத் தெரியாது. அப்பாவுக்கு நினைவே இல்லை. யார் ஒப்புதல் கொடுப்பது?

எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ரேகை வாங்கலாம். ஆனால் ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் முழு விளக்கத்தையும் கூடவே இருந்து கேட்டுவிட்டு அவரும் கையெழுத்துப் போட வேண்டும். வார்டு ஆயாவை அவசரத்துக்குக் கூப்பிட்டு "இங்க ஒரு சைன் போடுக்கா" என்பது சாட்சி ஆகாது. சுயநினைவு இல்லாதவருக்கும், மறதி நோய் முற்றியவருக்கும் சட்டப்படி உரிய குடும்பத்தார் ஒப்புதல் தரலாம். முற்றிலும் புதிய மருந்து என்றால், இப்படிப்பட்ட எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் ஒப்புதல் வாங்குவதை ஒலியோடு வீடியோ எடுத்தாக வேண்டும். கேமராவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது உங்களுக்கான பாதுகாப்பு.

படிவத்தின் ஒரு பிரதி உங்களுக்குச் சேர வேண்டியது. கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய், படித்த பிள்ளை யாராவது இருந்தால் வாசிக்கச் சொல்லுங்கள். பக்கவாதம் மாதிரி நிமிடக் கணக்கில் ஓடும் நோய்க்கு அந்த அவகாசம் இருக்காது. மற்றவற்றுக்கு "இன்னைக்கே போட்டாத்தான் இடம்" என்று யாராவது அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடலாம்.

பக்கவாதம் வந்தால் ஆய்வு நடக்கும் ஆஸ்பத்திரியாகத் தேடிப் போகவா?

வேண்டாம். முகம் கோணி, கை விழுந்து, பேச்சுக் குழறினால், ஸ்கேனும் கட்டி கரைக்கும் ஊசியும் உள்ள பக்கத்து மருத்துவமனைக்கு 108இல் போங்கள். ஊசிக்கு இப்போது நாலரை மணி நேரம் வரை அவகாசம் உண்டு, அது 2008இல் வந்த இன்னொரு ஆய்வின் பலன். ஆனால் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம்தான்.

முதுகில் தண்ணீர் எடுத்தால் கால் விளங்காமல் போய்விடுமாமே?

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் இந்தப் பயத்தைப் போக்குவது, மீனாட்சியம்மன் கோயில் கோபுரத்தில் ஏறுவதைவிடக் கஷ்டம். பக்கத்து வீட்டில் யாருக்காவது மூளைக்காய்ச்சலில் முதுகு நீர் எடுத்திருப்பார்கள், அந்த ஆளுக்கு நோயின் தீவிரத்தால் கால் போயிருக்கும், பழி ஊசி மேல் விழும்.

தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை நீளமாகப் போவதில்லை. பெரியவர்களுக்கு இடுப்பின் முதல், இரண்டாம் எலும்புக்குப் பக்கத்திலேயே முடிந்துவிடும். ஊசி போடுவது அதற்கும் கீழே, மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில், இல்லையென்றால் இன்னும் ஓர் எலும்பு கீழே. அங்கே நீரில் மிதக்கும் நரம்பு இழைகள்தான், சேமியாவுக்குள் ஊசி விட்ட மாதிரி விலகிக்கொள்ளும். சிலருக்கு இரண்டு மூன்று நாள் தலைவலி வரும், எழுந்தால் கூடும், படுத்தால் குறையும். அது நிஜம், அதை மறைக்கக் கூடாது. மறதி நோய் ஆய்வுகளில் இந்த நீரில் சில புரதங்களை அளக்கிறார்கள், அதனால்தான் கேட்கிறார்கள். ஆய்வுக்காக மட்டும் எடுப்பதென்றால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குத் தாலியைக் கழற்றச் சொல்கிறார்களே?

உள்ளே இருப்பது பெரிய காந்தம், உலோகம் எதுவும் போகக் கூடாது. வீட்டிலிருந்தே ஒரு மஞ்சள் கயிறு கொண்டு வந்து மாற்றிக் கட்டிக்கொண்டு போனவர்கள் நிறையப் பேர். மூளை அலை பார்க்கும் ஈ.ஈ.ஜி. என்றால் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வாருங்கள்.

அம்மா பள்ளிக்கூடமே போனதில்லை. கடிகாரம் வரையச் சொல்லி மறதி நோய் என்கிறார்களே?

நியாயமான கோபம். பேனாவே பிடிக்காத கையில் பேப்பரைக் கொடுத்தால் மறதி இல்லாதவரும் பெயிலாகத்தான் செய்வார். வெளிநாட்டுச் சோதனைகளை அப்படியே மொழிபெயர்த்தால் வரும் வினை இது. 1990களிலேயே ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்காக இந்தியில் தனியாக ஒரு சோதனை உருவாக்கினார்கள். நான் பார்த்த ஒரு பாட்டிக்கு இன்றைய தேதி தெரியவில்லை. அழகர் ஆற்றில் இறங்கி எத்தனை நாள் ஆச்சு என்று கேட்டதும் விரல் விட்டு எண்ணிச் சரியாகச் சொன்னார். படிப்பில்லாதவர்களுக்கு ஏற்ற சோதனைதானா என்று கேளுங்கள். மதிப்பெண்ணோடு, வீட்டில் அம்மா முன்பு செய்த எந்த வேலையை இப்போது செய்ய முடியவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மகளுக்கு வலிப்பு. ஆய்வில் சேர்த்தால் வெளியே தெரிந்து கல்யாணம் தடைபடுமா?

இதைக் கேட்கும் அப்பாக்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஆய்வுத் தாள்களில் பெயர் போகாது, எண்தான் போகும். வீட்டுக்குக் கடிதம் வர வேண்டாம், யார் போனுக்குக் கூப்பிடலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வலிப்பைக் காரணம் காட்டி இந்துத் திருமணத்தைச் செல்லாது என்று கோரும் வாசகம் 1999இலேயே சட்டத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. ஊர் வாயிலிருந்து நீக்கத்தான் சட்டம் இல்லை.

கல்யாண வயதுப் பெண்ணுக்கு நான் முக்கியமாகச் சொல்வது வேறு. வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரையைக் கர்ப்ப காலத்தில் எடுத்த தாய்மார்களின் குழந்தைகளுக்கு அறிவுத்திறன் மதிப்பெண் குறைவாக இருந்ததை 2009இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. யாருக்கும் புதிதாக மருந்து கொடுக்காமல், ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தது அது. நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவ நிறுவனத்தில் 1998 முதல் வலிப்புள்ள கர்ப்பிணிகளுக்கென்று ஒரு பதிவேடே நடக்கிறது. மகள் என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று பாருங்கள். ஆனால் டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு நிற்காமல் வரலாம்.

பூனைக்காலி விதை நடுக்குவாதத்துக்கு நல்லது என்று நாட்டு மருந்துக் கடையில் சொல்கிறார்கள். ஆய்வில் இருக்கும்போது சாப்பிடலாமா?

கடைக்காரர் சொல்வதில் உண்மை இருக்கிறது. நடுக்குவாதத்துக்கு டாக்டர் எழுதும் லெவோடோபா என்ற மருந்து அந்த விதையிலேயே இயற்கையாக இருக்கிறது. 2004இல் லண்டனில் 8 நோயாளிகளிடம் ஒப்பிட்டபோது விதைப்பொடி மாத்திரையைவிடச் சீக்கிரம் வேலை செய்தது. அதனால்தான் சொல்லாமல் சாப்பிடக் கூடாது. மாத்திரையும் பொடியும் சேர்ந்து அளவு கூடினால் உடம்பு தானாக நெளியும், குமட்டும், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். வெறும் 8 பேர் என்பதையும் மறக்க வேண்டாம். திட்டுவார்கள் என்று மறைப்பவர்கள்தான் அதிகம். திட்டினால் திட்டட்டும், சொல்லிவிடுங்கள்.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் விழுந்த கை எழும்பும் என்று விளம்பரம் வருகிறதே, அதுவும் ஆய்வுதானா?

ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூல செல். ஆய்வு என்றால் பணம் கேட்க மாட்டார்கள். அவ்வளவுதான் சோதனை. சொந்த எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்களைப் பக்கவாதக்காரர்களுக்குச் செலுத்தி, இந்தியாவில் 5 மையங்களில் 120 பேரிடம் முறையாகவே பார்த்தார்கள். 2014இல் வந்த முடிவு: ஆபத்து பெரிதாக இல்லை, பலனும் இல்லை. 2017ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டுதல்களின்படி சில ரத்த நோய்கள் போன்ற ஏற்றுக்கொண்ட சிகிச்சைகள் தவிர மற்ற எதற்கும் ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல் போடக் கூடாது. நிலத்தை அடகு வைத்துவிட்டு வந்து, "அங்க போட்டும் எழும்பலம்மா, நீங்க ஏதாவது ஆய்வுல சேத்துக்கங்க" என்று என் முன்னால் உட்கார்ந்தவர்கள் உண்டு. அவர்களைச் சேர்க்கவும் முடியாது. முன்பு ஸ்டெம் செல் போட்டவர்கள் கூடாது என்று பல ஆய்வுகளின் விதியிலேயே இருக்கும்.

உண்மையான ஆய்வுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதிவு எண் கேளுங்கள். இந்தியாவில் மருந்து ஆய்வுகளை சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதிவது 2009 ஜூன் முதல் கட்டாயம். இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எந்த ஊர், எந்த டாக்டர், எத்தனை பேர் எல்லாம் இருக்கும். எண்ணைச் சொல்லத் தயங்கினால் புரிந்துகொள்ளுங்கள்.

பணம் தருவார்களா? ஏதாவது ஆகிவிட்டால்?

நோயாளிக்குச் சம்பளம் கிடையாது. ஆய்வு மருந்தும் பரிசோதனையும் இலவசம். பஸ் செலவு, அன்றைய கூலி இழப்பு கிடைக்கலாம், எவ்வளவு என்று படிவத்தில் இருக்கும். டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஆய்வுக் காலத்தில் பெரிய பாதிப்பு வந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆய்வு டாக்டர் மேலிடத்துக்குச் சொல்லியாக வேண்டும். வைத்தியம் இலவசம். ஆய்வால்தான் பாதிப்பு என்று முடிவானால் தனியாக இழப்பீடு. இறப்பு என்றால் 8 லட்சத்தை அடிப்படையாக வைத்து, வயதையும் நோயின் தீவிரத்தையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். வேறு ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனாலும் எங்களுக்கு ஒரு போன் போடுங்கள் என்று நான் கெஞ்சியது இதற்காகத்தான்.

பாதியில் விலகலாமா?

எப்போது வேண்டுமானாலும். காரணம் சொல்லத் தேவையில்லை, அதன் பிறகு வார்டில் உங்கள் வைத்தியம் குறையக் கூடாது. மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாமல், சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

கடைசியில் மருந்து வேலை செய்ததா என்று எங்களுக்குச் சொல்வார்களா?

கேட்டால் சொல்வார்கள். கேட்காவிட்டால் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள், இது எங்கள் துறையின் கெட்ட பழக்கம். முடிவு வர இரண்டு மூன்று வருடம் ஆகும், அதற்குள் ஒருங்கிணைப்பாளரும் மாறியிருப்பார்.

திருமங்கலம் பக்கத்துப் பெரியவர் ஒருவர், நடுக்குவாதக்காரர், ஆறு மாத ஆய்வு ஒன்றில் இருந்தார். அது முடிந்த பிறகும் வருடா வருடம் சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு போன் செய்வார். "என்னம்மா, நம்ம மாத்திரை பாஸா, பெயிலா?" மூன்றாவது வருடம் பதில் இருந்தது. பெயில் என்றேன். "சரி, நான் சாப்பிட்டது எது?" என்றார். பொட்டலங்களைப் பிரித்த பட்டியலில் அவர் எண்ணைத் தேடிப் பார்த்தேன். வெற்று மாத்திரை.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார். "அதுல மிச்சம் ஏதும் இருக்காம்மா? அந்த ஆறு மாசந்தான் நான் நல்லா நடந்தேன்."